கூரைக்கு ஒரு சாவு

எங்கள் பள்ளிக்கூடத்தின் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் கூரை பறந்துபோனதற்கு நான் காற்றைக் குறை சொல்ல மாட்டேன். தகரம் துருப்பிடித்திருந்தது, காற்று தன் வேலையைச் செய்தது. ஆனால் போன கூரை திரும்பி வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டுக்கு யாரைக் குறை சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என் பெயர் ஜோதாம். செயின்ட் வின்சென்ட் தீவில் பிறந்து, தலை நிறையச் சடையும் நெஞ்சு நிறைய நம்பிக்கையுமாக எத்தியோப்பியாவுக்கு வந்து, ஷாஷமனே ஊரில் குடியேறிய ராஸ்தாக்களில், அதாவது இந்த மண்ணையே சொர்க்கமாக நம்பும் சடைக்காரர்களில், ஒருவன். எங்கள் விடியல் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள், மீதி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்.

கல்வி அலுவலகத்து அதிகாரி வந்தார். வகுப்புக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு கழுகு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"வாத்தியாரே, பெரிய மழை பிடிக்கிறதுக்குள்ள கூரை போட்டுடுங்க. நான் திரும்ப வரும்போதும் வானம்தான் தெரியுதுன்னா வகுப்பை மூட வேண்டியதுதான்."

மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. லாரிகளுக்கு நடுவே எந்தத் தாயும் ஐந்து வயதுப் பிள்ளையை அனுப்ப மாட்டாள். அவர்கள் வீட்டில் நிற்பார்கள், பிறகு ஆடு மேய்க்கப் போவார்கள், அத்தோடு படிப்பு முடிந்தது.

பள்ளியின் தலைவர் ராஸ் ஸெப்பானியா. சடை முழங்காலைத் தொடும். பேச்சு அளந்துதான் வரும். 'நாம்' என்று சொல்ல மாட்டார், எங்கள் வழக்கப்படி 'நானும் நானும்' என்பார். அவர் வாயில் வராத இன்னொரு சொல் சாவு. உயிருக்கு முடிவில்லை என்பது எங்கள் நம்பிக்கை. ஆகவே நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, சாவு வீட்டுப் பக்கம் போவதுமில்லை.

இந்த ஊரில் அது லேசான விஷயமில்லை. இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் இத்திர் என்ற சாவுச் சங்கம் உண்டு. மாதாமாதம் எல்லாரும் கொஞ்சம் கட்டுவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல், பெஞ்சு, அண்டா, குழி வெட்ட ஆள், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். என் மனைவி பிர்கே இந்த ஊர்க்காரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பாட்டு.

"இத்திர்ல சேராத வீடும் ஒரு வீடா? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா பந்தல் யாரு போடுவா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப எனக்கு?"

"உனக்கும் ஆகாது."

"சரிதான். ரெண்டு பேரும் இப்படியே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்."

போகட்டும், கூரைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் எங்களுக்கென்று 'விடியல் பள்ளி நண்பர்கள் சங்கம்' ஒன்று இருக்கிறது. தகரம் வேண்டும் என்று ராஸ் ஸெப்பானியா அதற்கு எழுதினார். தகரம் வரவில்லை, ரோவீனா அம்மையார் வந்தார். கூடவே ஒன்றே போலப் பனியன் போட்ட தொண்டர்களும் வந்தார்கள். அம்மையாரின் பதவி 'மகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்'. எதை எதோடு ஒருங்கிணைப்பார் என்று கேட்டதற்குப் புன்னகை செய்தார்.

முதல் கூட்டத்திலேயே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு நீங்க புரிஞ்சுக்கணும். எங்க ஊர்ல யாரும் தகரத்துக்குக் காசு குடுக்க மாட்டாங்க. தகரத்துல மனுஷக் கதை இல்ல. கஷ்டத்துக்குத்தான் குடுப்பாங்க. ஒருத்தர் நல்ல காரியத்துக்காகக் கஷ்டப்படணும், அதை அவங்க பாக்கணும், அப்பத்தான் பணம் வரும்."

பிர்கே என் காதில் கேட்டாள். "மழையில பிள்ளைங்க நனையுறது கஷ்டம் இல்லையாமா?"

நான் அதை எழுந்து கேட்டேன்.

"அது தானா வர்ற கஷ்டம்" என்றார் ரோவீனா, வருத்தத்தோடு. "அதுக்குப் பெரிய வரவேற்பு இல்ல. நாமளா தேடிப்போற கஷ்டம்தான் மனசைத் தொடும்."

முதலில் நடைப்பயணம். ஹவாசா ஏரி வரை பள்ளியே நடக்க வேண்டும், அதை ஹியூகோ என்ற தொண்டர் கைப்பேசியில் நேரலையாகக் காட்டுவார். நடந்தோம். அந்த வழியில்தான் பாதி ஊர் சந்தைக்குப் போய் வருகிறது. விறகுச் சுமையோடு போன பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். குதிரைவண்டிக்காரர் தொலேசா வண்டியை நிறுத்தி விசாரித்தார்.

"எங்க வாத்தியாரே, கும்பலா?"

"நடக்கிறோம். நடந்தா காசு குடுப்பாங்க."

அவர் குதிரையின் கழுத்தைத் தட்டினார். "என் குதிரைக்கு நிறைய வரவேண்டியிருக்கே. யாருகிட்ட கேக்கணும்?"

ரோவீனா கைப்பேசியைப் பார்த்து முகம் சுளித்தார். சிரமம் தெரியவில்லை என்று அங்கிருந்து எழுதுகிறார்களாம். நாங்கள் சாதாரணமாக நடக்கிறோமாம். "கொஞ்சம் நொண்ட முடியுமா?" என்று ராஸ் ஸெப்பானியாவிடம் கெஞ்சினார். கூரையை நினைத்து அந்தப் பெரிய மனிதர் நொண்டினார். நொண்டுகிற பெரியவரைப் பார்த்தால் இந்த ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? தொலேசா ஒரே தூக்காகத் தூக்கி வண்டியில் போட்டு ஏரிக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார், கூலியும் வாங்கவில்லை. வண்டியில் போனதால் விதிமீறல். வந்த பணம் திரும்பிப் போய்விட்டது.

அடுத்தது பயறுத் தொட்டி. அவித்த பயறு நிறைந்த தொட்டியில் ஒரு மனிதர் பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பது அவர்கள் ஊரில் வெகு பிரசித்தமான தர்மமாம். பிர்கே இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"உக்காருறது சாப்பிடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சாப்பிடவே மாட்டாங்க" என்றேன்.

"அப்ப கொட்டிருவாங்களா?"

"ஆமா."

பிர்கே தொட்டி நிறையப் பயறு அவித்தாள், வெங்காயமும் இஞ்சியும் தாராளமாகப் போட்டாள். வாசனை தெரு முனை வரை போனது. கால்சட்டையோடு ஹியூகோ தொட்டியருகே வந்தபோது, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். பின்னால் அவர்களுடைய தம்பி தங்கைகள், அவர்களுக்கும் பின்னால் தொலேசா. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று போய், ஹியூகோ உட்காரும்போது தொட்டியின் அடியில் கணுக்கால் நனையத்தான் பயறு இருந்தது. அவருக்கும் பசி. அவரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

"பிள்ளைங்க சந்தோஷமா சாப்பிடுறது படத்துல விழுந்திருச்சு" என்று ரோவீனா தலையில் கை வைத்தார். "சந்தோஷத்துக்கு ஒரு பைசா வராது."

இதற்குள் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அதிகாரி திங்கட்கிழமை வருவதாக ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். ரோவீனா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். அவர்கள் ஊரில் ஒருபோதும் தோற்காத இரண்டு தர்மங்கள் உண்டாம், ஒன்று மொட்டை போடுவது, மற்றது மௌனம் காப்பது.

"ராஸ் ஸெப்பானியா மொட்டை போட்டா ஒரே நாள்ல கூரை" என்றார். "அந்தச் சடைக்கு இருக்கிற மதிப்பே வேற."

எங்கள் தலையில் கத்தி படாது என்பது ஆண்டவனுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு. ராஸ் ஸெப்பானியா தன் சடையை மெல்ல மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அம்மா, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட, நானும் நானும் தலைமேல இருக்கிற கூரையைப் பிரிக்கணுமா?"

ரோவீனா அதை உடனே கைப்பேசியில் எழுதிக்கொண்டார், நல்ல வாசகமாம். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மொட்டை அவர்கள் போட்டுக்கொள்வார்கள், மௌனம் நாங்கள் காக்க வேண்டும். சனிக்கிழமை, சூரியன் உதித்து மறையும் வரை பள்ளி வளாகத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, முரசு அடிக்கக் கூடாது. திறந்தால் அத்தனையும் வீண்.

பிர்கே மட்டும் மறுத்துவிட்டாள். "நான் வாயை மூட எவனும் காசு குடுக்க வேணாம். சந்தைக்குப் போறேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள். விடியும்போதே முரசு தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்காக அதைத் திட்டிக்கொண்டே எழுந்து பழகியவர்கள். அன்று சத்தமில்லை, ஆகவே தெருவில் யாரும் நேரத்துக்கு எழவில்லை. எழுந்ததும் என்ன ஏது என்று வாசலுக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் வர்க்கே அம்மா. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, ராத்திரி தூக்கம் எப்படி, வீட்டில் சுகமா, பிள்ளைகள் சுகமா, மாடு சுகமா என்று வழக்கமான விசாரிப்பைத் தொடங்கினார். நான் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த ஊரில் விசாரிப்புக்குப் பதில் சொல்லாதவன் ஒன்று எதிரி, இல்லாவிட்டால் இழவு வீட்டுக்காரன்.

அவர் முற்றத்தைப் பார்த்தார். பெரியவர்களும் பிள்ளைகளும் தரையில் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைக்காரப் பெண்கள் வரிசையாக மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், தரையெல்லாம் பொன்னிற முடி. வர்க்கே அம்மா பிறந்த ஊரில் பெண் தலையை மழிப்பது ஒரே காரணத்துக்குத்தான். கூடையைக் கீழே போட்டார், மார்பில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

சற்று நேரத்தில் கொம்புச் சத்தம் கேட்டது. இத்திரின் செய்தியாள் லெம்மா தெருத்தெருவாக ஊதிக்கொண்டு போனான்.

"சடைக்காரங்க வீட்ல துக்கம். எல்லாரும் வாங்க. சடைக்காரங்க வீட்ல துக்கம்."

எழுந்து ஓடிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரோவீனா மொட்டைத் தலையோடு உதட்டில் விரலை வைத்து என்னை முறைத்தார். ஹியூகோவின் கைப்பேசி என் முகத்துக்கு நேரே இருந்தது. கூரை, கூரை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஊர் உள்ளே வந்தது. கழிகள் வந்தன, பெரிய நீலப் பந்தல் எழுந்தது, பெஞ்சுகள், அண்டா, வறுத்த தானியம் எல்லாம் வந்து சேர்ந்தன. இத்திர் தலைவர் வோர்தோஃபா என்னைக் கட்டிக்கொண்டார். தெருவில் நடந்துபோனால் என்னைக் கண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற மனிதர் அவர். நாங்கள் யாருடைய இழவுக்கும் போகாதவர்கள் என்று அவருக்குக் கோபம்.

"யாருய்யா?" என்று கேட்டார், குரல் உடைந்திருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

"பேச்சே வரலையே. ரொம்ப நெருங்கினவங்க போல" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

என்னைப் பாய் விரித்து உட்கார்த்தினார்கள். முன்பின் பழகாத ஆண்கள் வரிசையாக வந்து தோளில் முகம் வைத்து அழுதார்கள். கடைசியில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. இவர்களுடைய ஒரு சாவுக்கும் நான் போனதில்லை, ஒரு பெஞ்சைத் தூக்கிப் போட்டதில்லை. என் வீட்டில் இழவு என்று கேட்ட மாத்திரத்தில் கடையை மூடிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

சந்தையிலிருந்து பிர்கே திரும்பினாள். வாசலிலேயே பெண்கள் ஓவென்று ஓலமிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தலைப் பார்த்தாள். அவள் கத்திய கத்தலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், சாவு உண்டோ இல்லையோ. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தவள், பாயில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் நின்றாள்.

"நீ உயிரோடதான் இருக்கியா? அப்ப யாரு?"

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"வாயைத் திறந்து சொல்லேன், பாவி மனுஷா."

நான் சூரியனைக் காட்டினேன். அது இன்னும் இறங்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று ஊர் நினைத்தது. தோள் குலுங்கிய விதத்திலிருந்து அது சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது.

சூரியன் மறைந்த நொடியில் நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாரும் நல்லா இருக்கோம். கூரைக்காகப் பேசாம இருந்தோம்."

வோர்தோஃபா நிதானமாக மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஆளு சாகாமலே பந்தல் வாங்கிருக்கீங்க. காலையில நாங்க பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவோம். இதுல எனக்கு வருத்தம் காசுக்காக இல்ல வாத்தியாரே. நான் நிஜமா அழுதேன்."

அவர் சொல்லி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. யாராலும் வீட்டுக்குப் போக முடியவில்லை. பிள்ளைகள் பந்தலுக்குள் ஓடி வந்து பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பக்கத்தில் எங்கள் வகுப்பு தண்ணீரில் நின்றது. வோர்தோஃபா அதைப் பார்த்தார். அவர் பேத்தியும் அந்த வகுப்புதான்.

எங்களில் ஒருவர் முகத்தில் மட்டும் ஒளி. ரோவீனா ஓடி வந்தார்.

"பணம் கொட்டுது! அந்த அழுகையைப் பாத்து உலகமே உருகிடுச்சு. இந்த மாதிரி எங்க சங்கத்துக்கு எப்பவும் வந்ததில்ல."

"கூரை?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜோதாம், நாங்க ரொம்ப நேர்மையான சங்கம். எதைப் பாத்துக் குடுத்தாங்களோ அதுக்குத்தான் செலவழிப்போம். அவங்க கூரையைப் பாக்கலை, துக்கத்தைப் பாத்தாங்க. அதனால இது துக்க நிவாரண நிதி. ரெண்டு ஆறுதல் நிபுணர்களை அனுப்பறோம். விமான டிக்கெட், தங்கற இடம், அவங்களுக்கும் ஆறுதல் வேணும்னா அதுக்கு ஒருத்தர், எல்லாம் போட்டிருக்கோம்."

"ஆனா யாரும் சாகலையே."

"அதை ஏத்துக்க உங்களுக்கு நாளாகும்" என்றார் கனிவாக. "அதுக்குத்தான் நிபுணர்."

வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. நான் யாரையும் அடிக்கிற ஆளில்லை, ஆகவே வீட்டுக்குப் போய்க் கதவை அடித்தேன். பிர்கே காபிக்கொட்டை வறுத்துக்கொண்டே சாவகாசமாக ஒரு செய்தி சொன்னாள்.

"நான் கல்யாணம் ஆன மாசத்துலேர்ந்து இத்திர்ல உன் பேர்ல கட்டிட்டு வர்றேன். நாம உறுப்பினர்தான். சொந்தத்துல யாரு செத்தாலும் நமக்குப் பந்தல் உண்டு, ஆள் உண்டு, பணம் உண்டு. வெளியூர்ல செத்தாலும் உண்டு. பொணம்கூட வரவேணாம், சேதி வந்தா போதும்."

"நமக்கு வெளியூர்ல யாரு இருக்கா?"

அவள் கொட்டையைக் கிளறினாள். "நீதான் சொல்லணும். உதவி செய்றேன்னு சொல்லி இத்தனை வருஷமா உறவு கொண்டாடினவங்க யாரும் இல்லையா?"

இப்படிப்பட்ட பெண்ணுக்கு நான் சாவில்லை என்று உபதேசம் செய்திருக்கிறேன்.

ஞாயிறு காலை பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்தபோது நான் வோர்தோஃபா முன்னால் போய் நின்றேன்.

"காஷே, பெரியவரே, நேத்து சொன்னது தப்பு. துக்கம் உண்மைதான். இங்கிலாந்துல ஒரு சொந்தம் போயிடுச்சு."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு?"

"விடியல் பள்ளி நண்பர்கள் சங்கம்."

அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. "வயசு?"

"சின்ன வயசுதான்."

"ரொம்ப நாளா சீக்கா?"

"பொறந்ததுலேர்ந்தே."

"பிள்ளைங்க?"

"பனியன் போட்டவங்க கொஞ்சம் பேர்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார், தண்ணீர் நின்ற வகுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சட்டப்படி வீட்டுக்குப் பெரியவர் வாயால சொல்லணும். அப்பத்தான் லெம்மா கொம்பை எடுப்பான்."

வீட்டுக்குப் பெரியவர் ராஸ் ஸெப்பானியா. நாற்பது வருஷமாக அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. பெற்ற தாய்க்குக்கூட அவர் அதைச் சொன்னதில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடினார்.

"உயிர் உள்ளதுக்கு முடிவு கிடையாது" என்றார் கடைசியில். "அதுல மாற்றமே இல்ல. ஆனா அதுக்கு உயிர் இருந்துச்சுன்னு நானும் நானும் என்னைக்கும் சொன்னதில்லையே." பிறகு வோர்தோஃபாவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். "செத்துப்போச்சு."

லெம்மா கொம்பை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிப்பது இந்தத் தெருவில் பாவம். குழி வேலைக்கு மட்டும் தடையில்லை. ஆகவே குழி வெட்டும் ஆட்கள் வந்தார்கள், புதைக்க ஒன்றுமில்லை என்பதால் சும்மா இருக்கக் கூசி வகுப்பின் மேல் ஏறினார்கள். தகரக்கடை ஹாஜி அமானும் இத்திர் உறுப்பினர், இழவு வீட்டுக்கு என்றதும் கடையைத் திறந்தார். யூகலிப்டஸ் மரங்கள் குறுக்கே ஏறின. பந்தலில் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், பக்கத்தில் சுத்தியல் சத்தம்.

அன்று மாலை ரோவீனா ஊருக்குக் கிளம்ப வேண்டும். பந்தலையும் கூட்டத்தையும் பார்த்தவர் அசந்துபோனார். "எங்களுக்காகவா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் பிர்கே. அது சத்தியமான வார்த்தை.

அவர் எழுந்து உரையாற்றினார். பிர்கே ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

"எங்க சங்கம் ஒரு சின்னக் கூடத்துல, ஒரு டீப்பானையைச் சுத்தி உருவாச்சு" என்றார் ரோவீனா.

பெண்கள் மெல்ல விம்மினார்கள்.

"இத்தனை வருஷத்துல நாங்க ஒரு செங்கல்கூட வாங்கினதில்ல. எல்லாத்தையும் அனுபவத்துல முதலீடு செஞ்சோம். இங்க வந்து போன ஒவ்வொரு தொண்டரும் மாறிப் போயிருக்காங்க. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நாங்க அளந்து பாத்ததில்ல, ஏன்னா அன்பை அளக்க முடியாது."

வர்க்கே அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இப்படிப்பட்ட மனசா. இவ்வளவு சீக்கிரம் போயிடுச்சே."

"எங்ககிட்ட என்ன கேட்டாலும் கேட்டதைக் குடுத்து உங்களைச் சின்னவங்களா ஆக்கினதில்ல" என்று ரோவீனா முடித்தார். அப்போது எழுந்த ஓலத்தில் சுத்தியல்கள்கூட ஒரு நிமிஷம் நின்றன. அவர் கண்ணில் நீர் ததும்பியது. தன் பேச்சைக் கேட்டு இதுவரை யாரும் அழுததில்லை என்று என்னிடம் சொன்னார். வோர்தோஃபா அவரைக் கட்டி ஆறுதல் சொல்லி வண்டியேற்றினார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரியவில்லை. வெளியே கிடந்த பந்தல் கழிகளைப் பார்த்து, "யாராவது காலமாயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். வகுப்பை மூடச் சொல்லவில்லை.

இப்போது நானும் இத்திருக்குப் போகிறேன். அடுத்த தெருவில் ஒரு சாவு என்றால் பெஞ்சு தூக்குவது என் வேலை. ராஸ் ஸெப்பானியா வரமாட்டார், ஆனால் முரசை அன்று நிறுத்தி வைப்பார்.

நாற்பதாம் நாள் படையலுக்கு ஊரைக் கூப்பிட்டோம். சாவு என்று சொல்லிப் பந்தல் வாங்கியபின் அதைச் செய்யாமல் விட்டால் மரியாதை இல்லை. பிர்கே அதே தொட்டி நிறையப் பயறு அவித்தாள். தட்டில் கை வைக்கும் நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஆறுதல் நிபுணர்கள் இருவர் பெட்டியோடு இறங்கினார்கள். மார்பில் சங்கத்தின் பெயர் எழுதிய பனியன்.

வோர்தோஃபா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். எழுந்து நின்று ஊரைப் பார்த்துச் சொன்னார்.

"செத்தவரோட சொந்தக்காரங்க வந்துட்டாங்க."

அவ்வளவுதான். பெண்கள் ஓலமிட்டுக்கொண்டு ஓடிப்போய் அவர்களைக் கட்டிக்கொண்டார்கள், ஆண்கள் தோளில் முகம் வைத்து அழுதார்கள். பாய் விரித்து உட்காரவைத்து, தட்டு நிறையப் பயறு வைத்தார்கள். இரண்டு நிபுணர்களும் முதலில் திகைத்தார்கள், பிறகு தேம்பத் தொடங்கினார்கள். இதுவரை யாரும் தங்களை ஒருமுறைகூட இப்படிக் கட்டிப்பிடித்ததில்லை என்று ஒருவர் சொன்னார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, எல்லாரும் வகுப்புக்குள் ஓடினோம். தகரத்தின் மேல் மழை இரைந்த இரைச்சலில் அவர்கள் கேட்ட கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. யார் இறந்தது என்று கேட்டார்கள் போலிருக்கிறது. பிர்கே குனிந்து, பனியனில் இருந்த பெயரைத் தொட்டுக்காட்டி, அவர்கள் காதில் மெதுவாகச் சொன்னாள்.

அவர்கள் ஆச்சரியப்படவில்லை. ரொம்ப நாளாகவே அப்படித்தான் இருந்தது என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு கரண்டி பயறு கேட்டார்கள்.